வெயிலில் மறைந்த பொத்தான்

1

இந்தக் கதை ஒரு தப்புக் கணிப்பில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்தில் என் பக்கத்து இருக்கைப் பெண் ஃபோனில் பேசிக்கொண்டு வந்தாள்.

"வெளியில நின்னு எவ்வளவு கத்துனாலும் அதுக்குக் கேக்காதும்மா. அது பாட்டுக்கு அது இருக்கும். அதுவா எங்க வழி விட்டிருக்குன்னு பாரு. அந்த வழியா மட்டும் போ. அதட்டுனா வேலைக்கு ஆகாது."

மாமியார் என்று நினைத்தேன். அல்லது கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட வர மறுக்கும் புருஷன். 'அது' என்று சொன்னதால் மாடாகக்கூட இருக்கலாம் என்று பட்டது. எழுதுகிறவர்களுக்குக் காது நீளம். பசுபதிகோவில் வருவதற்குள் ஒரு சிறுகதையைப் பாதி எழுதி முடித்துவிட்டேன். அவள் ஃபோனை வைத்ததும் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"யாரும்மா அது, அவ்வளவு பிடிவாதம்?"

"பட்டன், மேடம்."

அய்யம்பேட்டையில் இறங்க வேண்டியவள், பேச்சு சுவாரஸ்யத்தில் பாபநாசம் வரை வந்துவிட்டாள். அங்கே இறங்கித் திரும்பும் பேருந்துக்கு அவள் காத்து நின்றபோது நானும் கூடவே இறங்கி நின்றேன். மீதியை அந்த நிறுத்தத்தில்தான் கேட்டேன். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"எழுதுங்க. என் பேரை மாத்திக்கலாம், நான் கட்டியிருக்கிற துணி, உக்கார்ற நாற்காலி எல்லாம் உங்க இஷ்டம். ஆனா நான் அழுததா எழுதாதீங்க. அப்புறம் ஆனந்தவல்லி அக்கா பேசினதுல கை வைக்காதீங்க. அது அவங்க பேசினது."

ஆகவே ஃபஹ்மிதா என்பது நான் வைத்த பெயர். அய்யம்பேட்டை அவள் ஊர்தான்.

2

கைவிட்ட தொடக்கங்கள் சிலவற்றை அழிக்காமல் இங்கேயே விடுகிறேன்.

[காவிரி அன்று கரைபுரண்டு—]

வேண்டாம். இந்தக் கதையில் காவிரிக்கு ஒரு வேலையும் இல்லை. கூப்பிட்டால் சும்மா அழகுக்கு வந்து நிற்கும்.

[ஃபஹ்மிதா சன்னலோரம் அமர்ந்து, இந்தக் கணினித் திரைக்குள் தான் தொலைத்த வாழ்வை எண்ணிப் பெருமூச்சு—]

இதை அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "நான் பெருமூச்சு விடல மேடம். பசிச்சுது. அன்னிக்கு டிபன் பாக்ஸை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்."

சரி. பசியிலிருந்து தொடங்குகிறேன்.

3

புரட்டாசி மாதம், மதியம், பசி. மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஃபஹ்மிதா வேலை பார்த்த கம்பெனி. கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி, நகைச்சீட்டு என்று சுற்றுவட்டாரத்து ஆட்களுக்கெல்லாம் இணையதளம் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. முதலாளி பெயர் வைரக்கண்ணு. பெயர்ப்பலகையில் மட்டும் வி.கே.

அந்த வருஷம் குத்தாலம் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்றுக்கு ஒரு தளம் செய்திருந்தார்கள். அறுவடை மிஷினுக்குப் பதிவு செய்வதற்கு. யார் வயலில் எப்போது மிஷின் இறங்கும் என்பதில் முன்பெல்லாம் நடந்த சண்டைக்கும் சிபாரிசுக்கும் முடிவு கட்டத்தான் சங்கம் அதைக் கேட்டிருந்தது. ஃபோனில் பதிந்து வைத்தால் முறை வரும். மிஷின் பக்கத்து வயலுக்கு வந்ததும், 'வரலாமா?' என்று கேள்வி வரும். 'உறுதி' என்ற பொத்தானைத் தொட்டால் டிரைவருக்குத் தகவல் போகும், மிஷின் இறங்கும். தொடாவிட்டால் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். புரோக்கர்கள் உள்ளே புகுந்துவிடாமலிருக்க, அந்தப் பொத்தானை விவசாயியின் சொந்த ஃபோனிலிருந்து மட்டுமே தொட முடியும்.

அந்தப் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஃபஹ்மிதா செய்ததல்ல. இந்தத் தொழிலில் ஒவ்வொரு தளத்துக்கும் புதிதாகப் பொத்தான் செய்யமாட்டார்கள். ஒருமுறை ஒழுங்காகச் செய்து வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்திலெல்லாம் பதிப்பார்கள். சிமென்ட் பட்டறையில் ஒரே அச்சில் வார்த்த காற்றுச் சன்னலை எந்த வீட்டிலும் பதிக்கலாம் அல்லவா, அது போல. ஒரு வீட்டுச் சாயம் தெறித்து இன்னொரு வீட்டுச் சன்னல் கெட்டுவிடக்கூடாது என்பதற்காக அதைச் சுற்றி ஒரு வேலியும் போட்டிருப்பார்கள். நிறம், அளவு இதெல்லாம் சொல்லி வெளியிலிருந்து எழுதும் அலங்கார விதி உள்ளே செல்லாது.

இந்தக் கம்பெனியின் பொத்தான், பெட்டி, தேதிக்கட்டம் எல்லாவற்றையும் செய்தவர் தமிழ்மாறன் என்ற ஒருவர். ஃபஹ்மிதா சேர்வதற்கு முன்பே ஓசூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவள் அவரைப் பார்த்ததேயில்லை. ஏதாவது ஒன்று சொன்னபடி கேட்காமல் மக்கர் பண்ணும்போதுதான் ஆபீஸில் அவர் பேச்சு வரும். "இது தமிழ்மாறன் பூட்டு" என்பார்கள். அவளும் அப்படியே சொல்லப் பழகியிருந்தாள்.

(இங்கே என் கைப்பிரதியில் தமிழ்மாறனுக்கு ஒரு தாடியும் இறுகிய உதடும் கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். ஃபஹ்மிதாவே பார்க்காத முகத்தை நான் எங்கிருந்து பார்ப்பது?)

4

தளத்தின் அடியில் போட்டிருந்த உதவி எண், ஃபஹ்மிதாவின் மேசை ஃபோன்தான். எதிர்க்கடையில் தயிர்சாதம் வாங்கிவரலாம் என்று எழுந்தபோது அது அடித்தது.

"யம்மா, நான் குத்தாலத்துக்குப் பக்கத்துலேர்ந்து ஆனந்தவல்லி பேசறேன். குத்தகை வயலு. குறுவை அறுப்புக்கு நிக்குது. மிஷின் இந்தா ரோட்டுல நிக்குது, கண்ணுக்கு நேரா. டிரைவரு டீ குடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. எறக்குங்கன்னா, ஒங்ககிட்டேர்ந்து ஓக்கே வரலங்கறாரு. நான் ஓக்கேதான். எங்க போயி சொல்றது?"

"அக்கா, ஃபோன்ல கீழ ஒரு பட்டன் இருக்கும் பாருங்க. உறுதின்னு போட்டிருக்கும்."

"கீழ ஒண்ணுமில்லியே."

"இருக்கும்க்கா. நல்லா பாருங்க."

"நல்லாத்தாம்மா பாக்கறேன். வெள்ளையா இருக்கு. வெள்ளத்தாளு மாதிரி."

ஃபஹ்மிதாவுக்கு முதலில் வந்தது சலிப்புதான். அதை மறைக்காமல் எழுதச் சொன்னாள். ஃபோன் பார்க்கத் தெரியாதவர் என்று நினைத்துவிட்டாள். "வெயில் படுதாக்கா? மறைச்சுக்கிட்டுப் பாருங்க" என்றாள்.

"இரு... முந்தானையப் போட்டு மூடிக்கிட்டேன். ஆங், ஏதோ நெழலாட்டம் ரெண்டு பொட்டி தெரியுது. எழுத்து தெரியல. எதைத் தொடட்டும்?"

ஃபஹ்மிதா தன் திரையைப் பார்த்தாள். இரண்டு பொத்தான்கள். முதலில் 'உறுதி', அதற்கடுத்து 'ரத்து'.

"முதல் பெட்டியைத் தொடுங்கக்கா."

தொட்டார்.

பெரிய திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அந்த இரண்டு பொத்தான்களும், ஆனந்தவல்லியின் சின்ன ஃபோனில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அப்போது 'ரத்து' மேலே போய்விடும். ஃபஹ்மிதா அதை மறந்துவிட்டாள்.

"யம்மா, டிரைவரு வண்டியத் திருப்புறாரே. ரத்தாயிடுச்சுங்கறாரு. யம்மா? அடுத்த முறை நாளைக்குத்தானாம். மானத்தைப் பாத்தியா நீயி? நாளைக்கு மழைன்னு சொல்லியிருக்கான்."

ஃபஹ்மிதா, "நான் திரும்பக் கூப்பிடறேன்க்கா" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தாள். பிறகு தன் கைப்பேசியில் அதே பக்கத்தைத் திறந்துகொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள்.

பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள் புரட்டாசியை. அது காய்கிற நேரம். மாடியின் நடுவில் நின்று கைப்பேசியைப் பார்த்தாள். வெள்ளை. தூக்கிப் பிடித்தாள், சாய்த்தாள், திருப்பினாள். வெளிர் சாம்பல் பொத்தானும் அதன்மேல் கொஞ்சம் அழுத்தமான சாம்பல் எழுத்தும், ஏசி அறையில் அவ்வளவு நாகரிகமாக இருந்தவை, அந்த வெயிலில் இருந்த இடம் தெரியவில்லை.

ஆனந்தவல்லி சொன்னது சரி. அங்கே ஒன்றுமில்லை.

[அவள் கண்கள் கலங்கின—] இல்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் கீழே ஓடினாள், அவ்வளவுதான்.

5

கீழே வந்து பதிவுகளைத் திறந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. உறுதி சொல்லாததால் முறை தவறிப்போனவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கெல்லாம் மனம் மாறிவிட்டது என்று சங்கமும் கம்பெனியும் நினைத்திருந்தன. உறுதி கேட்பதே ஆள் வயலில் நிற்கும் நேரத்தில்தான். வயல் என்றால் வெயில். இவ்வளவு நேரான ஒரு விஷயம் யாருக்கும் தோன்றவில்லை.

நிறத்தை மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று உட்கார்ந்தாள். பொத்தானின் பின்னணி கறுப்பு, எழுத்து வெள்ளை என்று விதி எழுதினாள். மாறவில்லை. இன்னும் குறிப்பாக, பெட்டிக்குள் இருக்கும் பொத்தானுக்கு என்று எழுதினாள். மாறவில்லை. அந்த விதிமொழியில் 'முக்கியம்' என்று ஒரு சொல் உண்டு, முன்னால் ஆச்சரியக்குறியோடு. கடைசியில் அதைச் சேர்த்துவிட்டால் மற்ற விதிகள் ஒதுங்கி வழிவிடும். அதையும் போட்டாள். பொத்தான் தன் சாம்பல் நிறத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

(குறிப்பு: கதை எழுதுவதிலும் இதே கதைதான். ஆச்சரியக்குறி போட்டதால் உள்ளே போன வாக்கியம் என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.)

"சார், உள்ளயே போய் மாத்திடறேன்" என்றாள் வைரக்கண்ணுவிடம்.

"எதும்மா, மூலத்துலயா? அது எல்லா சைட்டுலயும் இருக்கே."

"மாத்திட்டு உடனே பாக்கலாம் சார். மழை வருது சார் அங்க."

மழை என்ற சொல்லுக்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. அவரும் திருவையாற்றுப் பக்கம் வயல் வைத்திருப்பவர்தான். "செய்யி. சீக்கிரம் பாரு" என்றார்.

மாற்றினாள். அறுவடைப் பக்கத்தில் பொத்தான் கன்னங்கரேலென்று, உள்ளங்கை அகலத்துக்கு எழுந்து நின்றது. ஒரு நிமிஷம் மகிழ்ச்சியாக இருந்தது. அப்புறம் வைரக்கண்ணுவின் கைப்பேசி அடித்தது. கல்யாண மண்டபத்து மேனேஜர். அவர் குரல் மேசைக்கு இந்தப்பக்கம் வரை கேட்டது.

"சார், முகூர்த்தத் தேதி குறிக்கிற எடத்துல என்ன சார் கறுப்பா ஒண்ணு, சவப்பொட்டி மாதிரி? பொண்ணு வீட்டுக்காரங்க பக்கத்துல உக்காந்திருக்காங்க சார்!"

பல் ஆஸ்பத்திரியிலும் அதே கறுப்பு. ஃபஹ்மிதா அவசரமாகப் பழையபடி ஆக்கினாள். வைரக்கண்ணு மேனேஜரைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தார். திட்டவில்லை. "சவப்பொட்டிங்கறான்யா" என்று ஒருதரம் சொல்லிப்பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வேற வழி பாரும்மா. தனியா ஒண்ணு புதுசா செய்யறதுன்னா எவ்வளவு நேரமாவும்?"

"செஞ்சு, எல்லா ஃபோன்லயும் ஓட்டிப் பாத்து... நாளைக்குள்ள முடியாது சார்."

6

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. தமிழ்மாறனைத்தான் நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் பூட்டி, சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்ட மனிதர். அந்தக் கோணத்தில் ஒரு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். நடந்தது என்னைக் கைவிட்டது.

ஃபஹ்மிதா பூட்டை உடைக்கப் பார்ப்பதை விட்டுவிட்டு, முதல் தடவையாகப் பொத்தானைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தாள். ஒரு பக்கத்தின் எலும்புக்கூட்டை வரி வரியாகக் காட்டும் வசதி, இணையம் பார்க்கும் எல்லா உலாவியிலும் உண்டு. தினமும் திறப்பதுதான். ஆனால் அவசரத்தில் தேடுவது எப்போதுமே தன் விதி எங்கே விழுந்தது என்றுதான். இன்று பொத்தான் எப்படி இருக்கிறது என்று பார்த்தாள்.

வேலிக்குள் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தது. பொத்தானின் உடம்புக்கு 'மேனி'. அதன்மேல் உள்ள வார்த்தைக்கு 'எழுத்து'. சுற்றியிருக்கும் கோட்டுக்கு 'விளிம்பு'. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ப் பெயர்கள். பெயர் வைத்திருக்கிறது என்றால் அந்தப் பெயரைச் சொல்லி வெளியிலிருந்து கூப்பிடலாம் என்று அர்த்தம். கூப்பிட்ட தளத்தில் மட்டும் மாறும், மற்ற தளங்களில் பழையபடி இருக்கும். வேலி போட்ட மனிதரே அதில் திறந்து மூடும் படலும் வைத்திருந்தார்.

இத்தனை நாளும் 'தமிழ்மாறன் பூட்டு' என்று சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், மேலே நான் எதையும் சேர்க்கவில்லை.

'மேனி'யைக் கூப்பிட்டு நிறம் சொன்னாள். கேட்டது.

ஆனந்தவல்லிக்கு ஃபோன் போட்டாள். "அக்கா, வயல்லயா இருக்கீங்க?"

"வேற எங்க போவேன்? வரப்புல உக்காந்து நெல்லைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

"அக்கா, அதை ரத்து பண்ண வச்சது நாந்தான். உங்க ஃபோன்ல மேல கீழ மாறி வரும்னு எனக்குத் தோணல."

ஃபோனில் தூரத்தில் ஒரு டிராக்டர் போவது கேட்டது.

"தொட்டது நாந்தானே" என்றார் ஆனந்தவல்லி. "சரி சொல்லு, எதுக்குக் கூப்புட்ட?"

"நான் நிறம் மாத்தி மாத்திப் போடறேன். நீங்க வெயில்ல வச்சுப் பாத்து எது தெரியுதுன்னு சொல்லணும்."

"வெயிலுக்கா பஞ்சம்? போடு."

7

அந்த மதியம் ஃபஹ்மிதா மாடி அறையிலும் ஆனந்தவல்லி வரப்பிலுமாக உட்கார்ந்து ஒரு பொத்தானுக்கு வண்ணம் பார்த்தார்கள். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. கற்பனை எதுவும் தேவைப்படவில்லை.

"இப்ப?"

"கறுப்பா ஒரு கட்டி தெரியுது. எழுத்து பளபளங்குது, படிக்க முடியல."

"இப்ப?"

"பச்சையா? நெல்லுக்குள்ள நெல்லு மாதிரி இருக்கு. வேணாம்."

"இப்ப பாருங்க, மஞ்சள் போட்டு மேல கறுப்பு எழுத்து."

"தெரியுது! உறுதின்னு படிக்கிறேன் பாரு, உ-று-தி. இன்னுங் கொஞ்சம் பெருசா போடேன், எங்க பக்கத்து வயக்காரருக்குக் கண்ணு செத்த மங்கல்."

பெரிதாக்கினாள். 'ரத்து' பொத்தானை மஞ்சளில்லாமல், கறுப்பு விளிம்போடு, எந்தத் திரையானாலும் கீழேயே வரும்படி தள்ளி வைத்தாள்.

"எல்லாம் சரி. மேல ஏதோ எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே, அது என்ன?"

அது ஒரு வரிக் குறிப்பு. 'உறுதி செய்தால்தான் மிஷின் வரும்' என்பது. இதைப் படித்திருந்தாலே பலபேர் தப்பித்திருப்பார்கள். ஃபஹ்மிதா அதன் பெயரைத் தேடினாள். பெயர் இல்லை. எல்லாத் துண்டுக்கும் பெயர் வைத்தவர் இதற்கு மட்டும் வைக்கவில்லை. கூப்பிட வழியில்லாமல் அந்த வரி வெளிறிக் கிடந்தது.

வைரக்கண்ணுவிடம் எண் வாங்கி ஓசூருக்குப் பேசினாள். ஒரு பெண் குழந்தை ஃபோனை எடுத்து "அப்பா!" என்று கத்தியது. பிறகு தமிழ்மாறன் வந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தக் குறிப்புக்கு நான் நிறமே சொல்லலீங்க" என்றார். "வெளியில என்ன நிறமோ அதையே எடுத்துக்கட்டும்னு விட்டுட்டேன். அதனாலதான் பேரும் வைக்கல. எழுத்தோட நிறம் பெட்டியிலேர்ந்து தானா உள்ள எறங்கும். வேலி அதைத் தடுக்காது."

"அப்ப, இப்படி வெளிறி இருக்கிறது..."

"உங்க பக்கம் மொத்தத்துக்கும் என்ன நிறம் குடுத்திருக்கீங்க?"

ஃபஹ்மிதா பார்த்தாள். தளத்தின் முதல் விதியே அதுதான். ஆரம்பித்த அன்று அவளே எழுதியது.

"சாம்பல் சார். நாந்தான் குடுத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. "எல்லாரும் குடுக்கிறதுதாங்க. ரூமுக்குள்ள பாக்க நல்லா இருக்கும். நானும் பட்டனுக்கு அதைத்தானே குடுத்து வச்சிருக்கேன்."

வெளியிலிருந்து எதுவுமே உள்ளே போகவில்லை என்று மதியமெல்லாம் மல்லுக்கட்டியவளுக்கு, தன்னுடைய ஒரு நிறம் முதல் நாளிலிருந்தே உள்ளே போய்க்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. பொத்தான்களும் குறிப்பும் இருக்கும் பெட்டிக்குக் கறுப்பு என்று ஒரே ஒரு வரி எழுதினாள். குறிப்பு கறுத்தது.

ஃபோனை வைப்பதற்கு முன் கேட்டாள். "சார், மத்ததுக்கெல்லாம் பேர் வச்சு வழி விட்டிருக்கீங்களே, இந்த மாதிரி வெயில்ல பாப்பாங்கன்னு யோசிச்சா?"

"அய்யோ, இல்லீங்க. வெயில்லாம் எனக்குத் தோணவே இல்ல. பின்னாடி யாருக்காவது ஏதாவது மாத்த வேண்டி வரும்னு மட்டும் தெரியும். யாருக்கு, என்னத்துக்குன்னு தெரியாது. அதுக்குத்தான் நேரமெடுத்து வச்சேன். ஏன் இவ்வளவு லேட்டாவுதுன்னு வி.கே. சார் அப்ப சத்தம்கூடப் போட்டாரு."

(குறிப்பு: வைரக்கண்ணுவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "போட்டேங்க. போட்டதை எடுத்துடாதீங்க, இருக்கட்டும்" என்றார்.)

8

மறுநாள் காலையில் நல்ல வெயில். ஆனந்தவல்லியின் முறை வந்தது. உச்சிக்கு முன் ஃபோனில் கேள்வி வந்தது. அவர் மஞ்சள் பொத்தானைத் தொட்டதும், சக்கரத்துக்குப் பதில் செயின் பூட்டிய மிஷின் வரப்பைத் தாண்டி வயலில் இறங்கியது. இறங்கும் சத்தத்தை ஃபோனைத் தூக்கிப் பிடித்து ஃபஹ்மிதாவுக்குக் கேட்கக் கொடுத்தார். இங்கே மேசைமேல் ஃபோனை வைத்து வைரக்கண்ணுவும் அவளுமாகக் கேட்டார்கள். கரகரவென்ற சத்தம்தான். வைரக்கண்ணு கடைசிவரை கேட்டார்.

அன்று சுற்றுவட்டாரத்தில் உறுதி சொல்லாமல் முறை தவறியவர் என்று ஒருவரும் இல்லை. கண் மங்கலான பக்கத்து வயல்காரரும் தானே தொட்டார்.

[மழை வரவேயில்லை. மேகங்கள் கலைந்து—] இப்படி முடித்தால் இனிப்பாக இருக்கும். ஆனால் மழை வந்தது. சாயங்காலம் கறுத்து வந்து, மண்ணுருகத்தான் பெய்தது. ஆனந்தவல்லியின் வயலில் வாய்க்காலோரத் தாழ்வான துண்டு மட்டும் பாக்கி. அது தண்ணீரில் படுத்துவிட்டது. மீதி நெல் அதற்குள் தார்ப்பாய்க்குக் கீழே வந்துவிட்டிருந்தது.

"அந்தத் துண்டு எப்பவுமே அப்படித்தான், போவட்டும்" என்றாராம். மனசில்லாமல் சொன்னாரா, மனசோடு சொன்னாரா என்று ஃபஹ்மிதாவைக் கேட்டேன். "சந்தோஷமாத்தான் சொன்னாங்க மேடம். நெல்லு வீட்டுக்கு வந்துடுச்சில்ல" என்றாள்.

9

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தீபாவளி கழிந்து ஒரு நாள், மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்கத் தஞ்சாவூர் வந்த ஆனந்தவல்லி, டைல்ஸ் கடையில் விசாரித்துக்கொண்டு மாடியேறி வந்தார். கையில் ஒரு தூக்கு நிறைய அவல். புது நெல்லில் இடித்தது.

"பட்டன் பாப்பா யாரு?" என்று கேட்டார் வாசலில் நின்று.

ஃபஹ்மிதா எழுந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குரல்கள் பழகியவை, முகங்கள் புதியவை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, தூக்கைத் திறந்து ஆபீஸ் முழுக்க அவல் தின்றது. "ஒன்னாலதான் பாப்பா நெல்லு கரையேறுச்சு" என்று ஆனந்தவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டபோது, ஃபஹ்மிதாவுக்கு அந்த நன்றியை முழுசாக வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"நான் மேல வண்ணம் அடிச்சேன்க்கா, அவ்வளவுதான். அடிக்க வழி வச்சவரு வேற ஒருத்தர். இருங்க."

தமிழ்மாறனுக்கு ஃபோன் போட்டாள். "சார், ஒருத்தங்க உங்ககிட்ட பேசணும்" என்று சொல்லி ஆனந்தவல்லியிடம் கொடுத்தாள். தான் நின்றால் இருவருக்கும் கூச்சமாக இருக்கும் என்று பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆபீஸில் மற்றவர்களும் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அங்கேதான் நான் சிக்கிக்கொண்டேன். அந்த இருவரும் என்ன பேசினார்கள்?

[முதல் வடிவம்: "ஒன் புண்ணியத்துல தம்பி" என்று ஆனந்தவல்லி தொடங்க, மறுமுனையில் தமிழ்மாறனின் குரல் உடைந்து, தன் வேலைக்கு இப்படியொரு நன்றி—]

இதைப் படித்த ஃபஹ்மிதா, "அவரு அப்படிப் பேசற ஆளு இல்ல மேடம்" என்றாள்.

[இரண்டாம் வடிவம்: இருவரும் எதுவும் பேசவில்லை. அந்த மௌனமே—]

"மௌனமா? கண்ணாடிக்கு வெளியில நின்ன எனக்கே அக்கா குரல் கேட்டுது, என்னான்னு புரியலையே தவிர. ரொம்ப நேரம் பேசினாங்க. நடுவுல சிரிச்சாங்க. ஒருவாட்டி கண்ணைத் துடைச்சாங்க, அது அவல் தூசியாகூட இருக்கலாம்."

நான் தமிழ்மாறனைக் கேட்டிருக்கலாம். எண் இருக்கிறது. ஆனந்தவல்லியையும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒருவர் முகமறியாத ஒருவருக்காக ஒரு வழியை வைத்துவிட்டுப் போனார். அதன் வழியே நெல் வீடு வந்த ஒருவர், அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை நான் எழுதி மெருகேற்ற வேண்டியதில்லை. உங்களுக்கும் அப்படி யாராவது இருப்பார்கள். அவர் ஃபோனில் கிடைத்தால் எப்படி ஆரம்பிப்பீர்களோ, அதையே இங்கே வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது பேச்சின் வால் மட்டும்தான். ஆனந்தவல்லி பால்கனிக் கதவைத் திறந்து ஃபோனை நீட்டினார்.

"அவரு பொண்ணுக்குச் சளி கட்டியிருக்காம் பாப்பா. தூதுவளை ரசம் வச்சுக் குடுக்கச் சொல்லியிருக்கேன். அந்த ஊருல தூதுவளை கெடைக்குமா?"

ஃபஹ்மிதாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. ஓசூர்ப் பக்கத்து வாசகர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.